அஞ்சலை அக்காவின் காடு

“எழுதிக்கோ தங்கச்சி. இது எங்க காடு. அந்தப் பலா மரத்துலேர்ந்து இந்தப் பாறை வரைக்கும் எங்க அஞ்சு குடும்பத்துக் காடு.”

சங்குலை மண்ணில் ஊன்றி, பிடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அஞ்சலை அக்கா சொன்னார். சங்குல் என்றால் மண்வெட்டி. மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்தில், அதை மண்வெட்டி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காற்றில் மழை வாசனை வந்துவிட்டது. கீழே ஜீப்பிலிருந்து ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது.

நான் முழங்காலில் அட்டையை வைத்து எழுதினேன். அரசாங்கப் படிவம், மலாயில் அச்சடித்தது. பயிர் வைத்திருக்கும் ஐந்து குடும்பத்தின் பேரையும் எழுதியாயிற்று, அடுத்து ‘நிலத்தின் தற்போதைய பயன்பாடு’ என்று ஒரு கட்டம். அதில் என் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினேன்: ஹுத்தான்.

ஹுத்தான் என்றால் மலாயில் காடு. மனிதன் கை படாமல் தானாக வளர்ந்த காடு.

என்னைச் சுற்றி வாழையும் மரவள்ளியும் மிளகாயும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவில் நின்றுகொண்டு நான் ஹுத்தான் என்று எழுதினேன். எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் ஓர் அலுவலகத்தின் மேல், மீதி என் மேல்.

மண்ணுக்கு என்ன ஆச்சு?

எண்பதுகள் தொடங்கி ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் தெற்கே ஒரு விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட விடுமுறையில் மூன்று மாதம் எங்காவது பயிற்சிக்குப் போய், மேலதிகாரியிடம் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் டிப்ளோமா இல்லை. எனக்கு ஈப்போவில் நிலப் பாதுகாப்பு பார்க்கும் ஒரு சின்னப் பிரிவில் இடம் கிடைத்தது.

எங்கள் வீடும் ஈப்போவில்தான், சிலிபினில். அம்மா அக்கம்பக்கம் முழுவதும் சொல்லிவிட்டார். “எங்க ஸ்டெல்லா கவர்மெண்டு ஆப்பீசுல வேலை பாக்குது. மண்ணைக் காப்பாத்துற வேலை.”

அப்பா ரயில்வே பட்டறைத் தொழிலாளி. வாய் சும்மா இருக்காது, எங்கள் ஊர் ‘லா’வும் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும். “மண்ணுக்கு என்னாலா ஆச்சு? ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, கறுப்புக் காப்பியை ஊதிக் குடிப்பார்.

அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. படிக்கட்டு ஏறும்போதே அமோனியா மூக்கில் ஏறும். வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் இயந்திரத்தின் நாற்றம் அது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார்.

பெரியவர் மிஸ்டர் தனபாலன். நம்மவர்தான். ஆனால் வாயில் தமிழ் வராது, வந்தாலும் விடமாட்டார். எல்லாரோடும் ஆங்கிலம். நாங்கள் அவரைத் துவான், அதாவது துரை, என்று கூப்பிட வேண்டும். மண்ணைக் காக்கும் அதிகாரியின் சப்பாத்தில் நான் ஒரு நாளும் மண்ணைப் பார்த்ததில்லை.

வெளியே போய் அளக்கும் வேலை ரம்லியுடையது. வெளியாட்கள் அவரை என்சே என்பார்கள், மலாயில் ‘ஐயா’ மாதிரி. காம்பார் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சிறு வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடியதால் அரைகுறைத் தமிழ் வரும், கெட்ட வார்த்தை முழுசாக வரும். அவருக்கு உதவியாளாக என்னைப் போட்டார்கள்.

சேறு எங்கிருந்து வந்தது

லகாட் பக்கம் ஓர் ஓடை. மழை பெய்தால் அதில் தண்ணீர் வராது, சிவப்புச் சேறுதான் வரும். கீழே இருந்த கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு புகுந்து, ஜனங்கள் மனு எழுதிவிட்டார்கள். சேறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அறிக்கை கொடுக்க வேண்டும். ரம்லிக்கும் எனக்கும் அந்த வேலை.

கண்டுபிடிக்க மூளையே வேண்டாம், கண் இருந்தால் போதும். அது ஒரு பழைய ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போக, துண்டு துண்டாகப் பலர் கைக்கு மாறியிருந்தது. கீழ்ச்சரிவை வாங்கிய புது முதலாளி எண்ணெய்க்காகச் செம்பனை நடுவதற்குப் புல்டோசர் விட்டு ஒரு புல் இல்லாமல் வழித்து வைத்திருந்தார். கால் வைத்தால் பூட்ஸ் புதைந்தது. ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு மழை வாய்க்கால் அறுத்திருந்தது.

அதற்கு மேலே செங்குத்தான ஒரு பட்டை நிலம். வாங்க யாரும் வராததால் அது அரசாங்கத்துக்கே திரும்பிவிட்டது. அங்கேதான் அஞ்சலை அக்காவும் இன்னும் நான்கு குடும்பமும் பயிர் வைத்திருந்தார்கள். தோட்டம் விற்றபோது வேலை போனவர்கள். ஆண்கள் லாரிக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, பெண்கள் ஏறிப் பாடுபட்ட மேடு அது.

ரம்லி கீழே கோலும் நாடாவுமாக வாய்க்கால்களை அளக்க நின்றுவிட்டார். மேலே இருப்பவர்கள் தமிழர்கள், நீ போய்ப் பேசு என்று படிவத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார்.

ஏறியதும் அசந்துவிட்டேன். சரிவுக்குக் குறுக்கே, ஒரு படிக்கட்டு போல, வரிசையாக நீளக் குழிகள். மேலிருந்து வரும் மழைநீர் குழியில் விழும், மண் அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் வழிந்து அடுத்த குழிக்கு இறங்கும். மழை விட்டதும் குழி மண்ணை அள்ளி வாழைக்கு அணைப்பார்கள். இதை நான் கல்லூரித் தேர்வில் அளவு குறித்துப் படமாக வரைந்திருக்கிறேன். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என்னா அப்படிப் பாக்குற? குழி பாத்ததில்லியா?” என்றார் அக்கா.

“யார் வெட்டுனது அக்கா?”

“யாரு வெட்டுவா, உங்கப்பாவா வந்து வெட்டுனாரு? தோட்டத்துல இருவது வருசம் நான் குழி வெட்டுற கும்பல்ல இருந்தேன். மண்ணு போயிட்டா மரவள்ளி எங்கலா நிக்கும், ஆகாசத்துலயா?”

கீழே வழித்த நிலத்திலிருந்து சேறு ஓடுகிறது, மேலே இவர்கள் வைத்திருக்கும் நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் இறங்கவில்லை. அந்த மலையிலேயே ஒழுங்காக இருந்த நிலம் இது ஒன்றுதான். அதை எழுதத்தான் நான் அட்டையை எடுத்தேன். கீழே ரம்லி ஹாரன் அடித்தார், மழை இருட்டியது, அக்கா “எங்க காடு” என்றார், நான் ஹுத்தான் என்று எழுதிவிட்டு இறங்கி ஓடினேன்.

பிளாஸ்டிக் பையில் வந்த கடிதம்

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் நான் வண்ணப் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் சத்தம் கேட்டது. அஞ்சலை அக்கா. லகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பூப்போட்ட கைலி, நல்ல சட்டை, தலையில் அவசரமாகச் செருகிய பூ. கையில் மடித்த பிளாஸ்டிக் பை.

“நீதானே எழுதுன?”

“என்ன அக்கா?”

“இதுல என்னா போட்டிருக்கு, படி.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். மேட்டுச் சரிவில் காட்டை அழித்துப் பயிர் செய்கிறவர்கள் பதினான்கு நாளுக்குள் வெளியேற வேண்டும். தவறினால் பயிர் அகற்றப்படும்.

“காட்டை அழிச்சாங்களா? யாரு?”

“நீங்கதான்னு போட்டிருக்கு அக்கா.”

“எந்தக் காட்டை?”

“அந்த மேட்டுக் காட்டை.”

“அது எங்க காடு! எங்க காட்டை நாங்களே அழிப்போமா? பைத்தியமாலா உனக்கு?”

கவுண்டரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன காடும் நான் எழுதிய காடும் வேறு வேறு என்று அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

உள்ளே ஓடிப் போய் வரைபடத்தை விரித்தேன். மேட்டுச் சரிவு முழுவதும் பச்சை. பச்சை என்றால் காடு. அந்தப் பச்சையை அடித்த பென்சிலை அநேகமாக நான்தான் சீவிக் கொடுத்திருப்பேன். அறிக்கையைப் புரட்டினேன். மேலே இருந்த காட்டைச் சிலர் சட்டவிரோதமாக அழித்துப் பயிர் வைத்ததால் மண் சரிந்து ஓடையில் சேறு சேர்ந்தது என்று அழகாக எழுதியிருந்தது. புல்டோசர் விட்ட நிலத்தைப் பற்றி ரம்லி எடுத்த அளவெல்லாம் எங்கே போனது? கடைசிப் பக்கத்தில் ‘விவசாய மேம்பாடு நடைபெறுகிறது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அட பாவிகளா! மண்ணைப் பிடித்து வைத்தவள் குற்றவாளி, மண்ணை வழித்து விட்டவன் மேம்பாட்டுக்காரன். அதற்குச் சான்றாக நீங்கள் வைத்திருப்பது என் கையெழுத்து.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். சட்டியை டக்கென்று கீழே வைத்தார்.

“அடியே, காடுன்னா ஹுத்தான்னு எழுதுனியா?”

“காடுன்னா காடுதானேம்மா?”

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க! ரெண்டையும் நீ ஒருத்தியே செஞ்சிட்டு வந்திருக்கியே!”

அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அங்கே காடு என்றால் வேலை செய்கிற இடம். காலையில் பெரட்டு முடிந்ததும், அதாவது பேர் கூப்பிட்டு முடிந்ததும், எல்லாரும் காட்டுக்குப் போவார்கள். பால்மரம் வெட்டாதவர்களுக்கு, அதாவது ரப்பர்ப் பால் எடுக்காதவர்களுக்கு, வெளிக்காட்டு வேலை. ‘அம்மா எங்கே’ என்று கேட்டால் பிள்ளைகள் ‘காட்டுல’ என்று சொல்லும். ஒரு நிலத்தில் ஒருத்தி பாடுபட்டால் அது அவள் காடு. அப்பாவுடைய ஊர்ப் பக்கத்து ஆட்களும் சோளம் விதைக்கும் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்களாம். அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு ஏன் தெரியவில்லை? அதற்கும் பதில் அம்மாவிடம்தான் இருந்தது. சிலிபினுக்கு வந்த பிறகு தோட்டத்துப் பேச்சை வீட்டில் பேசக் கூடாது என்று தடை போட்டவர் அவரே. ‘காட்டான் மாதிரி பேசாதே’ என்று வாயில் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் முன்னால் நாங்கள் சுத்தமாகப் பேச வேண்டுமாம்.

நான் சுத்தத் தமிழ் கற்றுக்கொண்டேன். இடைநிலைப் பள்ளியில் ‘காடுகளின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். மழை தருகிறது, மூலிகை தருகிறது, வனவிலங்குகளுக்குப் புகலிடம் தருகிறது என்று மூன்று பக்கம். மரவள்ளி தருகிறது என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. பரிசாகக் கிடைத்த பேனாவை வைத்துத்தான் படிவத்தை நிரப்பினேனா என்று கேட்காதீர்கள், அது எப்போதோ தொலைந்துவிட்டது.

அன்று இரவு அம்மாவும் சாப்பிடவில்லை. “நானும்தான் காரணம்” என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, “போ, போய் மாத்தி எழுதிட்டு வா” என்றார்.

துவான் தந்த தீர்ப்பு

மறுநாள் மிஸ்டர் தனபாலன் அறைக் கதவைத் தட்டினேன். தப்பு என்னுடையது, அந்த நிலம் ஹுத்தான் இல்லை, கெபுன், பயிர் நிலம், திருத்த வேண்டும் என்று படபடவென்று சொல்லி முடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பெண்மணி தமிழில் என்ன சொன்னார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“காடுன்னு சொன்னாங்க, துவான்.”

“காடு என்றால் ஃபாரஸ்ட். என் தமிழே அவ்வளவு தூரம் வரும். நீ சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாய்.”

“அவங்க அந்த அர்த்தத்துல சொல்லல, துவான். அங்கே வாழையும் மரவள்ளியும் இருக்கு. நான் கண்ணால பாத்தேன்.”

“பார்த்தும் ஏன் ஃபாரஸ்ட் என்று எழுதினாய்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அறிக்கை கோலாலம்பூருக்குப் போய்விட்டது, போன அறிக்கையைத் திருப்பிக் கூப்பிட்டால் பிரிவுக்கே அவமானம், பயிற்சிக்கு வந்த பெண்ணின் பேச்சைக் கேட்டு அதைச் செய்ய முடியாது என்றார். கடைசியாக, என் மதிப்பீட்டுத் தாளை எப்போது கொண்டு வரப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது. அங்கே ஐந்து குடும்பம் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது, இங்கே நான் ஒரு கையெழுத்துக்காகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாவது நாள் ரம்லியிடம் கொட்டினேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் ஏறிப் பாக்காம கீழயே நின்னது என் தப்பு லா” என்றார் மலாயில். உடனே உட்கார்ந்து ஒரு திருத்தக் குறிப்பைத் தட்டச்சு செய்து, நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, துவானின் மேசைத் தட்டில் வைத்தோம். மத்தியானம் அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘கோப்பில் சேர்க்கவும்’ என்று எழுதியிருந்தது. கோப்பில் சேர்ந்தது, சரிதான். யாருக்காவது அதைப் படிக்கச் சொல்லி எழுதியிருந்தால் அல்லவா!

பலா மரத்தில் அடித்த பலகை

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்து நேராக லகாட்டுக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

அஞ்சலை அக்கா குழி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

“அக்கா, காடுன்னு நீங்க சொன்னதை நான் ஹுத்தான்னு எழுதிட்டேன். என் தப்புதான். மாத்தச் சொல்லிப் பாத்தேன், முடியல.”

“தோட்டத்துல கிராணி எழுதுனாரு, எங்களுக்கு விளங்கல. அவரு வேத்தாளு, சரின்னு விட்டோம். நீ நம்ம பிள்ளைதானே? உனக்கும் விளங்காதா?”

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். நான் அழுதுவிட்டேன். அக்கா கொஞ்சமும் இளகவில்லை. “அழுகைய அப்பறம் வச்சிக்கோ. அந்தப் பலகையில என்னா போட்டிருக்கு, அதைச் சொல்லு” என்றார்.

பலா மரத்தில், அவர் கையால் நட்ட மரத்தில், புதிதாக ஒரு தகரப் பலகை அடித்திருந்தார்கள். ஆணி அடித்த இடத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்துச் சொன்னேன். இந்த முறை பயந்து பயந்து சொன்னேன்.

“இது அரசாங்க ஹுத்தான். இங்கே உள்ள எந்த மரத்தையும் செடியையும் யாரும் வெட்டவோ அகற்றவோ கூடாது. மீறினால் வெட்டும் கருவியும் வாகனமும் பறிமுதல் செய்யப்படும்.”

“எந்தச் செடியையுமா?”

“எந்தச் செடியையும்.”

“யாரும்னா, நாங்களா?”

“செசியாப்பான்னு போட்டிருக்கு. யாரா இருந்தாலும்னு அர்த்தம்.”

“ஆப்பீசு ஆளா இருந்தாலும்?”

நான் பலகையை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அவசரப்படாமல் படித்தேன். “யாரா இருந்தாலும்தான் அக்கா” என்றேன்.

அக்கா சங்குலைக் கீழே போட்டார். பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, நீ போ. மழை வருது” என்றார்.

“இது ஹுத்தான்”

கெடு முடிந்த மறுநாள், பயிரை அகற்றிக் கம்பி வேலி போட ஒரு குத்தகைக்காரர், அதாவது காண்ட்ராக்டர், லாரியில் ஆட்களோடு வந்தார். சீனர், ஆ சோங் என்று பேர். அகற்றியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம், மிஸ்டர் தனபாலனும் வந்தார். ரம்லியும் நானும் பின்னால். அந்த மேட்டில் துவான் ஏறியதை நான் மறக்கமாட்டேன். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை மரவள்ளித் தண்டைப் பிடித்துக்கொண்டார்.

பலா மரத்தடியில் அஞ்சலை அக்கா நின்றார், பக்கத்தில் நான்கு பெண்கள். யாரும் அழவில்லை, யாரும் காலில் விழவில்லை. வழியை மறிக்கக்கூட இல்லை. ஆட்கள் பாராங்கை, நீள வெட்டுக்கத்தியை, உருவியதும் அக்கா பலகையைக் காட்டி மலாயில் சொன்னார்.

“இனி ஹுத்தான். தா போலே போத்தோங்.”

இது காடு, வெட்டக் கூடாது.

ஆ சோங் சிரித்துக்கொண்டே பலகையிடம் போனார். படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ‘வாகனமும் பறிமுதல்’ என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்ட, பாராங்குகள் உறைக்குள் போயின.

“போஸ், என் லோரிய யாராச்சும் பிடிச்சா நீ வருவியா?” என்று துவானிடம் மலாயில் கேட்டார். “இது ஹுத்தான் இல்லன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு. அப்பறம் வெட்டறேன்.”

“நான் அதிகாரி, நான் சொல்கிறேன், வெட்டு” என்றார் துவான்.

“சொல்லு வேற, காயிதம் வேற லா.”

துவானுக்குக் கழுத்து வரைக்கும் வேர்த்துவிட்டது. குத்தகைக்காரரை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது.

“இங்க பாரும்மா, வீம்பு பண்ணாத. இது காடா? உனக்கே தெரியும், இது காடு இல்ல. நீங்க போட்ட பயிரு.”

“அப்படியா தொரை?” என்றார் அக்கா. “அப்ப அதை எழுதிக் குடுங்க.”

ரம்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடுவில் வந்தார். கெபுன் என்று எழுதினால், காட்டை அழித்தார்கள் என்ற நோட்டீசு செல்லாது. முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். ஹுத்தான் என்றே வைத்துக்கொண்டால், இங்கே ஓர் இலையைக் கிள்ள முடியாது. இதை அவர் ரொம்ப மரியாதையாக, ‘துவான்’ ‘துவான்’ என்று போட்டுச் சொன்னார். ஆ சோங் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்.

துவான் குழிகளைப் பார்த்தார், கீழே வழித்துக் கிடந்த சிவப்பு நிலத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, வெள்ளைத் தாளில் மலாயில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு சொல்லை மாற்ற இவ்வளவு பாடு. என்னவோ அவர் தாத்தா சொத்தைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு முகம்! ஓடைச் சேற்றுக்குக் காரணமான புல்டோசர்காரருக்கு அப்போதும் ஒரு கடிதம் போகவில்லை, பிறகும் போகவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நாலு வரியை வைத்துத்தான் ஐந்து குடும்பமும் பிறகு தற்காலிக அனுமதி வாங்கி, வருடா வருடம் புதுப்பித்து, அங்கேயே பயிர் வைத்தார்கள். எனக்கும் என் கையெழுத்து கிடைத்தது. மதிப்பீட்டுத் தாளில் ‘மொழித் திறன்’ என்ற இடத்தில் மிஸ்டர் தனபாலன் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். கிழித்துப் போட நினைத்தேன், டிப்ளோமா வேண்டுமே, கிழிக்கவில்லை.

அன்றைக்கு மேட்டில் துவான் தாளை நீட்டியதும் அக்கா வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. நான் பக்கத்தில்தான் நின்றேன். படித்துச் சொல்லலாம் என்று கையை நீட்டினேன்.

அக்கா என்னைத் தாண்டிப் போய் ரம்லியிடம் தாளைக் கொடுத்தார்.

“என்சே, நீங்க படிங்க.”